தூண்டில்காரர்கள் காக்கும் ஆறு

‘உணவுச் சங்கிலி’, ‘நீர் மாசுபாடு’ ஆகிய பாடங்களை நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மீன் பிடிப்பவரே ஆற்றைக் காப்பவராகவும் இருக்க முடியுமா? பலரும் ‘முடியாது’ என்றே சொல்வார்கள். இங்கிலாந்தின் கிராமப்புற ஆறுகளில் நிலவும் தூண்டில் மரபை அறிந்தபின் அவர்கள் மீண்டும் யோசிப்பார்கள்.

மரபும் விதியும்

அங்கே ஆற்றில் தூண்டில் போடுவது பெரும்பாலும் பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ இம்மரபின் புகழ்பெற்ற நூல். தூண்டில்காரர் ஒருவர் தம் மாணவருக்குக் கற்றுத்தரும் உரையாடலாக அது அமைந்துள்ளது.

ரோச், சப், பார்பெல் போன்ற மீன்கள் முட்டையிடும் காலத்தைக் கருதி, மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் அவற்றைப் பிடிக்கத் தடை உண்டு. 1878இல் வந்த சட்டம் இது. ஜூன் 16 பிறக்கும் நள்ளிரவுக்காகத் தூண்டிலுடன் கரையில் காத்திருப்போர் இன்றும் உள்ளனர். பிடித்த மீனை ஈரக் கையால் ஏந்தி, முள்ளை நீக்கி, ஆற்றிலேயே விட்டுவிடுவதும் பரவலான வழக்கம். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், 1987 முதல் பெரும்பாலான அளவுகளில் அவற்றின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

பூச்சி சொல்லும் சாட்சி

டிரவுட் மீனுக்குப் பிடித்த இரைகளுள் ஒன்று மேஃபிளை என்னும் பூச்சி. இதன் இளம்பருவம் ஆற்றின் அடியில் கழிகிறது. சில இனங்களில் இரண்டு ஆண்டுகள் வரைகூட நீளும். சிறகு முளைத்தபின் வாழ்வதோ ஓரிரு நாள்களே. நீர் கெட்டால் முதலில் மறைபவற்றுள் இதுவும் ஒன்று.

இதைப் பயன்படுத்தி 2007 முதல் தூண்டில்காரர்களும் தன்னார்வலர்களும் ஆறுகளைக் கண்காணிக்கின்றனர். மூன்று நிமிடம் ஆற்றடியைக் காலால் கிளறி, வலையில் சேரும் எட்டு வகை உயிரினங்களை எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குத் தெரிவிக்கின்றனர். நேற்றுக் கலந்த கழிவு நீரோடு போயிருக்கலாம். இன்று எடுக்கும் நீர் மாதிரியில் அது தெரியாமலும் போகலாம். ஆனால் பூச்சிகள் இல்லாமை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்காணிப்புக்குத் தேவை மிகுதி. கழிவுநீர்க் கலப்பு, வயல்களிலிருந்து வழியும் உரம், அளவுக்கு மீறி நீர் எடுத்தல் ஆகியவற்றால் அங்குப் பல ஆறுகள் நலிந்துள்ளன. 2020இல் வெளியான மதிப்பீட்டில் 14 விழுக்காடு ஆறுகளே நல்ல சூழலியல் நிலையில் இருந்தன.

வகுப்பறைச் செயல்பாடு

1. ஓர் ஆற்றில் நான்கு மாதங்களில் கிடைத்த பூச்சிகள் 62, 58, 9, 14 எனக் கொள்வோம் (பயிற்சிக்கான எண்கள்). வரைபடம் வரையச் செய்யுங்கள். மூன்றாம் மாதம் என்ன நடந்திருக்கலாம்? நான்காம் மாதம் ஆறு மீண்டுவிட்டது எனச் சொல்லலாமா?

2. ‘மீனைப் பிடித்துவிட்டு விடுவது கருணையா?’ இரு குழுக்களாகப் பிரிந்து விவாதிக்கட்டும். முள் குத்திய மீனின் துன்பத்தையும் தூண்டில்காரரின் ஆற்றுப் பாதுகாப்பையும் சேர்த்தே எடைபோடச் சொல்லுங்கள். முடிவை நாம் சொல்ல வேண்டாம்; காரணங்களை மட்டும் கேட்போம்.