மூன்று மெகாபிக்சல் போதுமா?

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. 1990களின் கடைசியிலும் 2000களின் முதல் சில ஆண்டுகளிலும் வீடுகளுக்குள் வந்த சின்னக் கேமராக்களைக் கல்லூரிப் பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்கள். செல்போன் படத்தில் இல்லாத ஏதோ ஒன்று அவற்றில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றாக ஓடக்கூடிய ஒரு கருவி குப்பைக்குப் போகாமல் இன்னொருவர் கைக்குப் போகிறது. ஆனால் கேமராவோடு சேர்ந்து, அன்றைய விளம்பரங்கள் விதைத்த தப்பான எண்ணங்களும் திரும்பி வருகின்றன. போதாததற்கு இப்போது புதிதாகச் சிலவும் முளைத்திருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன்னால் அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: மெகாபிக்சல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்ல படம்.

ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. 1994இல் ஆப்பிள் விற்ற குயிக்டேக் 100 கேமராவின் படம் 640க்கு 480 புள்ளி, மொத்தம் மூன்று லட்சம். அந்த அளவில் எட்டுப் படம் எடுத்தால் இடம் தீர்ந்துவிடும். எடுத்ததைப் பார்க்கத் திரையும் கிடையாது. 1999இல் நிக்கான் கூல்பிக்ஸ் 950 போன்றவை 20 லட்சம் புள்ளிகளைத் தொட்டபோது வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகும் கடைக்காரர்கள் அதே அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிது. ஆல்பத்தில் செருகும் 4க்கு 6 அங்குலப் பிரின்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாக வைத்தாலும், 1200க்கு 1800 புள்ளி போதும். சுமார் 22 லட்சம், அதாவது 2.2 மெகாபிக்சல். 3 மெகாபிக்சல் படத்தை 8க்கு 10 அங்குலத்தில் போட்டாலும் அங்குலத்துக்கு 200 புள்ளி அளவில் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்க அதில் ஒரு குறையும் தெரியாது. 1920க்கு 1080 புள்ளி உள்ள செல்போன் திரை முழுவதையும் நிரப்ப 2 மெகாபிக்சல் படம் ஒன்றே போதும். புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதும் படத்தின் நீள அகலம் கூடுவதும் ஒன்றல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 3 மெகாபிக்சலிலிருந்து 4க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் 15 சதவீதம்தான் வளரும். அதற்காக விலையில் பாதியைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டியில் எழுதாத எண் ஒன்று இருக்கிறது. அது சென்சாரின் பரப்பு. 2000இல் வந்த கூல்பிக்ஸ் 990இன் சென்சார் சுமார் 7.2க்கு 5.3 மி.மீ.; அதில் 33 லட்சம் புள்ளிகள். 2008 வாக்கில் வந்த 10 மெகாபிக்சல் பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் சென்சார் 6.2க்கு 4.6 மி.மீ.தான். சிறிய இடத்தில் மூன்று மடங்கு புள்ளிகளைத் திணித்ததால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைத்த இடம் பழையதில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சின்னப் புள்ளிக்குள் விழும் ஒளியும் குறைவு. வெளிச்சம் மங்கிய கல்யாண மண்டபத்தில் எடுத்தால் படமெங்கும் நிறப் பொடி தூவியது போலத் தெரியும். அதை மறைக்கக் கேமரா தானாகவே படத்தை வழித்துவிடுகிறது. தலைமுடியும் புடவைச் சரிகையும் மழுங்கிப்போகின்றன. வெயிலில் எடுப்பதற்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. எண் பெரிது என்பதற்காக மட்டும் பிந்தையதை எடுக்காதீர்கள்.

சென்சார் அளவை 1/1.8 அங்குலம் என்று போட்டிருந்தால் 14 மி.மீ. என்று எண்ணிவிட வேண்டாம். அது பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த கணக்கு. உண்மையில் மூலையிலிருந்து மூலைக்கு 9 மி.மீ.தான் இருக்கும். மெகாபிக்சல் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2000இல் வந்த ஃபியூஜி ஃபைன்பிக்ஸ் 4700 கேமராவின் சென்சாரில் இருந்தது 24 லட்சம் புள்ளி. வெளியே வந்த படத்தில் 43 லட்சம். மீதியைக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பியது.

நம்பிக்கை: சிசிடி சென்சார் என்றால் பிலிம் மாதிரி நிறம் வரும்.

“இது சிசிடி சார், கலரே தனி” என்று சொல்லித்தான் இன்று விலையை ஏற்றுகிறார்கள். சிசிடியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009இன் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் அதற்கு நிறம் தெரியாது. தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்று மட்டும் அளக்கும். இன்றைய செல்போன்களில் இருக்கும் சிமோஸ் சென்சாரும் அப்படித்தான்.

நிறம் பிறப்பது சென்சார்மேல் படிந்திருக்கும் நுண்ணிய வடிகட்டிகளால். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த அமைப்பில், நான்கு புள்ளிகளை எடுத்துக்கொண்டால் இரண்டின்மேல் பச்சை, ஒன்றின்மேல் சிவப்பு, ஒன்றின்மேல் நீலம் இருக்கும். இந்த அமைப்புள்ள 2 மெகாபிக்சல் கேமராவில் சிவப்பை நேராகப் பார்ப்பவை ஐந்து லட்சம் புள்ளிகள்தான். மற்ற இடங்களில் சிவப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கேமரா கணிக்கிறது. அதன்பின் நிறங்களைச் சமன்செய்து, கூர்மை ஏற்றி, ஜேபெக் கோப்பாகச் சுருக்குகிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தன் ரசனைப்படி எழுதியது. வடிகட்டியே கூட மாறும்: கேனன் பவர்ஷாட் ஜி1 கேமராவில் சிவப்பு, நீலத்துக்குப் பதில் சயான், மஞ்சள், மெஜந்தா வடிகட்டிகள் பச்சையோடு சேர்ந்து இருந்தன. அதுவும் சிசிடிதான். அதே 2000ஆம் ஆண்டில் கேனன் விற்ற ஈஓஎஸ் டி30 கேமராவில் இருந்தது சிமோஸ். ஆகவே பழையதெல்லாம் சிசிடியும் இல்லை, சிசிடி எல்லாம் ஒரே நிறமும் இல்லை.

அந்தக் காலப் படங்களின் தோற்றம் பிள்ளைகளை ஈர்ப்பதற்குக் காரணங்கள் வேறு. லென்ஸுக்கு ஓர் அங்குலம் தள்ளியிருக்கும் பிளாஷ் முகத்தில் நேராக அடிக்கிறது. பின்னணி இருட்டில் மூழ்குகிறது. சென்சார் தாங்கும் ஒளி வீச்சு குறைவு என்பதால் வானம் வெளுத்துவிடுகிறது. இது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலில் எடுத்த படங்களை முதலில் பாருங்கள். வீட்டுக்குள் எடுக்கும்போது நிறத்தைத் தானியங்கியில் விட்டுவிடாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பல பழைய கேமராக்கள் முகத்தில் பச்சை ஏற்றிவிடும். மெனுவில் ட்யூப்லைட் படம் போட்ட அடையாளத்துக்கு மாற்றினால் தோல் தன் நிறத்துக்குத் திரும்பும்.

நம்பிக்கை: திரையில் ஊதாக் கோடு விழுந்தால் திரையை மாற்றினால் சரியாகிவிடும்.

வாங்கும்போது இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கேமராவை இயக்கி, முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா? கார்டில் இருக்கும் பழைய படத்தைத் திறந்தால் அதுவும் பளிச்சென்று தெரிகிறதா? படம் எடுக்கும் நிலைக்கு மாற்றியதும் மட்டும் ஊதா படர்கிறதா, குறுக்குக் கோடுகள் ஓடுகின்றனவா, அல்லது ஒரே கருப்பா? அப்படியானால் திரையில் பழுதில்லை, சென்சார் போய்விட்டது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2002இன் இறுதி தொடங்கி 2004இன் தொடக்கம்வரை சோனி தயாரித்த சில சிசிடிகளில் குறை இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. அந்தச் சென்சார்களைப் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தியதால், 2005 அக்டோபரில் சோனியோடு கேனன், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா எல்லாம் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுக்க முன்வந்தன. இன்றும் பலர் தேடும் கேனன் பவர்ஷாட் ஏ60, ஏ70, ஏ75 மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தச் சேவை முடிந்து பல காலம் ஆகிவிட்டது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருந்த கேமரா என்றால் எடுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஒரு விதிவிலக்கு: எரியும் பல்பையோ சூரியனையோ நோக்கித் திருப்பும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு ஓடினால் அது பழுதில்லை. சிசிடியின் இயல்பே அது.

நம்பிக்கை: டபுள்-ஏ செல் போடும் கேமரா பேட்டரியைத் தின்றுவிடும்.

கேமராவைக் குறை சொல்வதற்கு முன் எந்தச் செல் போட்டீர்கள் என்று பாருங்கள். திரை எரிய, லென்ஸ் நீள, பிளாஷ் ஏற எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் வேண்டும். அல்கலைன் செல்லின் உள்மின்தடை அதிகம். திடீரென்று இழுத்தால் அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கேமரா அணைந்துவிடும். அதே செல்லைக் கழற்றிச் சுவர்க்கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். கடிகாரத்துக்கென்று விற்கும் மலிவான செல்லைப் போட்டால் சில கேமராக்களில் லென்ஸ் முழுதாக வெளியே வருவதுகூடச் சந்தேகம்.

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்லில் எழுதியிருப்பது 1.2 வோல்ட்தான். 1.5ஐவிடக் குறைவாயிற்றே என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு இழுத்தாலும் அது அந்த அளவில் நிலைத்து நிற்கும். சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்குகிறது என்ற பழைய புகார் உண்மைதான். 2005இல் சான்யோவின் எனிலூப் வந்த பிறகு அதற்கும் தீர்வு கிடைத்தது. அந்த வகையில் நான்கு செல்லும் ஒரு நல்ல சார்ஜரும் வாங்கினால் பழைய கேமராவுக்கு மறுவாழ்வு கொடுத்த மாதிரி. எனக்கு டபுள்-ஏ கேமராக்கள்மேல்தான் நம்பிக்கை. தனி வடிவ லித்தியம் பேட்டரி கேட்கும் கேமராவில் அந்தப் பேட்டரி ஊதிப்போனால் மாற்று கிடைப்பது கஷ்டம். செல்லோ எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது செல் போடும் அறையைத் திறந்து, தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

நம்பிக்கை: பழைய டிஜிட்டலில் ஓடும் குழந்தையைப் பிடிக்கவே முடியாது.

பொத்தானை அழுத்துகிறோம். கேமரா முனகுகிறது. குழந்தை சிரித்து முடித்துத் திரும்பிய பிறகுதான் படம் விழுகிறது. இந்த எரிச்சல் அந்தக் கேமராக்களை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதி படம் எடுப்பதில் போவதில்லை, ஃபோகஸ் தேடுவதில் போகிறது. லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடத்தில் விளிம்புகள் மிகத் தெளிவாகின்றன என்று கேமரா பார்க்கிறது. வெளிச்சம் குறைந்தால் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து இன்னும் தடுமாறுகிறது.

இந்த வேலையை முன்கூட்டியே முடிக்க வைக்கலாம். குழந்தை வரப்போகும் தூரத்தில் இருக்கும் தூணையோ வாசற்படியையோ பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பச்சை விளக்கு நிலைக்கும். விரலை எடுக்காமல் காத்திருங்கள். குழந்தை அங்கே வந்ததும் மீதியை அழுத்தினால் படம் உடனே விழும். மேலே இருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியே பார்த்தால் திரையின் தாமதமும் மிச்சம், செல்லும் மிச்சம். ஆனால் அந்தத் துளை லென்ஸுக்குச் சற்று மேலே இருப்பதால், கைக்கெட்டும் தூரத்தில் எடுக்கும்போது தலை வெட்டுப்படும். அப்போது மட்டும் திரையைப் பாருங்கள்.

நம்பிக்கை: டிஜிட்டல் ஜூம் போட்டால் தூரத்து மேடையும் பக்கத்தில் வரும், இருட்டாக இருந்தால் பிளாஷ் இருக்கிறது.

டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். மெனுவில் அணைத்துவிடுங்கள். அந்தச் சின்னப் பிளாஷின் எட்டமும் மூன்று மீட்டர் அளவுதான். அரங்கின் பத்தாவது வரிசையிலிருந்து அடித்தால் முன்வரிசைக்காரரின் தலைதான் வெளிச்சமாகும்.

நம்பிக்கை: பெரிய கார்டு போட்டுவிட்டால் கவலை இல்லை.

எஸ்டி கார்டு கேட்கும் பழைய கேமராவில் 32 ஜிபி கார்டைச் செருகினால் பிழை என்று காட்டும். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி வகை 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. 1 ஜிபி அல்லது 2 ஜிபி கார்டைத் தேடிப் பிடியுங்கள். காம்பாக்ட் ஃபிளாஷ் கேமராவில் தொல்லை குறைவு. ஒலிம்பஸும் ஃபியூஜியும் முதலில் பயன்படுத்திய ஸ்மார்ட்மீடியா 128 எம்பியோடு நின்றுவிட்டது. 2002இல் அவர்கள் கொண்டுவந்த எக்ஸ்டி கார்டும் இன்று அரிது. கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கார்டும் அதைப் படிக்கும் ரீடரும் கைக்கு வந்த பிறகு காசைக் கொடுங்கள். விண்டோஸ் 98க்கு எழுதிய மென்பொருளையும் கேபிளையும் நம்பி இருக்க வேண்டாம்.

நம்பிக்கை: கார்டை ஃபார்மட் செய்தால் படமெல்லாம் அழிந்துவிடும்.

பெரும்பாலான கேமராக்கள் ஃபார்மட் செய்யும்போது படங்களின் பட்டியலைத்தான் துடைக்கின்றன. படங்கள், அவற்றின்மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை, அப்படியே கிடக்கின்றன. தவறுதலாக அழித்துவிட்டால் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கார்டைக் கழற்றிவிடுங்கள். மீட்கும் மென்பொருளால் பலவற்றைத் திரும்பப் பெற முடியும். பழைய கேமராவை விற்க நினைப்பவர்கள் இதையே மறுபக்கமாகவும் யோசிக்க வேண்டும். ஃபார்மட் செய்துவிட்டோமே என்று குடும்பப் படங்கள் இருந்த கார்டோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கார்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில், குறிப்பாகக் கோடாக் ஈஸிஷேர் வரிசையில், கார்டு இல்லாமலே சில படங்களை வைத்துக்கொள்ளும் உள்நினைவகம் உண்டு. கார்டைக் கழற்றிய பிறகு ஒருமுறை கேமராவை இயக்கி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.