அகலத்தை யார் தீர்மானிப்பது?

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ்ச் சிறுகதை இதழ் ஒன்றுக்கு இணையதளம் வடிவமைக்கிறாய். பக்கத்தை 1200 பிக்சலில் ஃபிக்ஸட் லேஅவுட்டாக நிறுத்துவதா, திரைக்கேற்ப விரிந்து சுருங்கும் ஃப்ளூயிட் லேஅவுட்டாக விடுவதா என்று கேட்டிருக்கிறாய். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கம் நெகிழட்டும், வாசிக்கும் வரிக்கு மட்டும் ஓர் உச்சவரம்பு வை.

ஃபிக்ஸட் லேஅவுட்டைச் சோம்பேறிகளின் வழி என்று யாராவது சொன்னால் நம்பாதே. மேசைக் கணினித் திரைகள் 800-க்கு 600 என்பதிலிருந்து 1024-க்கு 768 என்று வளர்ந்த காலத்தில் 960 பிக்சல் ஒரு பொது அளவாக நிலைத்தது. ஸ்க்ரோல்பாருக்கு இடம் விட்ட பிறகும் அது திரைக்குள் அடங்கியது. 3, 4, 5, 8, 12, 16 என்று பல எண்களால் மீதியின்றி வகுபட்டது. நேதன் ஸ்மித்தின் '960 கிரிட் சிஸ்டம்' இந்த வசதியின் மேல்தான் எழுந்தது. வரைந்தபடியே திரையில் தெரியும் என்ற உறுதியை அது நமக்குத் தந்தது.

ஆனால் எல்லார் திரையும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும்வரைதான் அந்த உறுதி செல்லுபடியாகும். 2007-ல் ஐஃபோன் வந்தது. அதன் உலாவி, 980 பிக்சல் அகலம் இருப்பதாக வைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, 320 பிக்சலுக்குள் சுருக்கிக் காட்டியது. எழுத்து மூன்றில் ஒரு பங்காகக் குறுகியது. வாசகர்கள் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படித்தார்கள்.

இது நேரும் முன்பே, 2000-ல், 'ஏ லிஸ்ட் அபார்ட்' என்ற இணைய வடிவமைப்பு இதழில் ஜான் ஆல்சாப் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அச்சுத்தாளில் இருக்கும் கட்டுப்பாட்டை இணையத்தில் தேடாதீர்கள், நெகிழ்வுதான் இந்த ஊடகத்தின் பலம் என்பது அவர் வாதம். அதே இதழில் 2010-ல் ஈதன் மார்க்காட் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தார்: நெகிழும் கிரிட், நெகிழும் படங்கள், திரை அகலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் மீடியா குவெரி. கிரிட்டின் கணக்கு மிக எளிது. ஒரு பகுதியின் அகலத்தை அதைத் தாங்கும் பெட்டியின் அகலத்தால் வகு. 960-க்குள் 300 என்றால் 31.25 சதவீதம்.

இனி, ஃப்ளூயிட் லேஅவுட்டின் குறை. 1920 பிக்சல் திரையில் வரி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடினால், கண் திரும்பி வந்து அடுத்த வரியைப் பிடிக்கத் தடுமாறும். ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் என்று ஆங்கில அச்சுக்கலை நூல்கள் சொல்வதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளாதே. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல். சிஎஸ்எஸ்ஸில் 'சிஎச்' என்ற அலகு பூஜ்ஜியத்தின் அகலத்தை வைத்து அளப்பது. 'ண'வின் அகலம் அதற்குத் தெரியாது. இதழின் உண்மையான கதையிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டு, கண் சோராமல் படிக்கும் அகலத்தைக் கண்டுபிடி. அந்த உச்சவரம்பை 'எம்' அலகில் எழுது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரியும் கூடவே வளரும்.

குறுகிய திரையில் இருபக்கமும் சமன்செய்யும் ஆசையை விட்டுவிடு. நீண்ட சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடப்பக்க ஒழுங்கே போதும். பட்டன்களுக்கு நிலையான அகலம் வைக்காதே. 'லாகின்' அடங்கிய இடத்தில் 'சந்தாதாரர் ஆகுங்கள்' அடங்காது. ஐகான், விரலால் தொடும் இடம், ஓரத்து இடைவெளி போன்றவற்றுக்கு நிலையான அளவு தரலாம். 2017-லிருந்து உலாவிகளில் சிஎஸ்எஸ் கிரிட் இருக்கிறது: ஒரு நெடுவரிசை 240 பிக்சல், மற்றது மிச்சமுள்ள இடம் முழுவதும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

பார்வை மங்கியவர்களை மறக்காதே. 1280 பிக்சல் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கினால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல்தான். அப்போதும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018-ல் வந்த, இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறை கேட்கிறது. ஃபிக்ஸட் பக்கத்தில் அது நடக்காது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய காரணம்.

வேலை முடிந்ததும் உலாவியின் ஓரத்தைப் பிடித்து, முழு அகலத்திலிருந்து 320 பிக்சல் வரை மெல்லச் சுருக்கிப் பார். எங்கே வாசிப்பு இடறுகிறதோ அங்கே மீடியா குவெரி வை. எந்த ஃபோன் எத்தனை பிக்சல் என்ற பட்டியலைப் பார்த்து வைக்காதே. 'என் கணினியில் வேறு மாதிரி தெரிகிறதே' என்று ஆசிரியர் கேட்டால் தயங்காமல் சொல்: திரை வாசகருடையது, எழுத்தின் அளவும் அவர் விருப்பம், அந்த இரண்டுக்குள்ளும் கதையைத் தடையின்றிப் படிக்க வைப்பதுதான் நம் தொழில்.

அன்புடன்,
உன் அண்ணன்