காருக்குக் குளிரா? கம்ப்யூட்டரில் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கடிதம் டைப் செய்கிறோம், படம் பார்க்கிறோம். வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் புதியவர்களுக்காக இந்தப் பாடம். வீட்டில் டீசல் கார் இருந்தால், குளிரில் அது ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்பதை உங்கள் லேப்டாப்பில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். நான் இதைப் பட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஊட்டியில் நின்ற கார்

ஒரு ஜனவரி மாதம். அப்பாவின் கண்ணைக் காட்ட கோயம்புத்தூரில் காலை 9 மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். முதல் நாள் ஊட்டியில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, விடியும் முன் கிளம்புவதாகத் திட்டம். காலை 5 மணிக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. நான்கைந்து முறை முயன்றதில் பேட்டரியும் இறங்கிவிட்டது. வாடகைக் காரைத் தேடிப் பிடித்துக் கீழே போய்ச் சேர மதியம் ஆயிற்று. டாக்டர் போய்விட்டார். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

விஷயம் என்னவென்றால், டாஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு பல நாட்களாகவே மினுக்கிக்கொண்டிருந்தது. வண்டிதான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். ஊருக்கு வந்ததும் பாளையங்கோட்டை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, நம்ம ஊரு வெயில்ல ரெண்டு ஹீட்டர் செத்தாலும் வண்டி எடுத்துரும். மலைக்குப் போனாத்தான் குட்டு வெளிப்படும்" என்றார்.

ஹீட்டர் பிளக் என்ன செய்கிறது?

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் என்ஜினில் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய என்ஜினின் அடிப்படை இதுதான்.

என்ஜின் இரும்பு குளிர்ந்திருந்தால் இந்தச் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தியும் குறைவு. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் அதன் நுனி சில நொடிகளில் 800 டிகிரிக்கு மேல் பழுக்கும். சுருள் விளக்கு அணைந்த பின் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எத்தனை நொடி சூடாக்குவது என்பதை காருக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர், என்ஜின் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டரோடுதான் நாம் பேசப் போகிறோம்.

தேவையான பொருட்கள்

2017 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி நாடு முழுவதும் வந்தது. அதன் பிறகு தயாரான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓபிடி. அதில் செருகும் யுஎஸ்பி அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. இஎல்எம் 327 வகை என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் புட்டி என்ற இலவச புரோகிராமை நிறுவிக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. இரவு முழுதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அடாப்டரைச் செருகுங்கள். மறுமுனையை லேப்டாப்பில் செருகுங்கள். சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள்.

2. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். காம் 3, காம் 5 என்பதுபோல ஓர் எண் தெரியும். தெரியாவிட்டால் அடாப்டருக்கு உரிய டிரைவரை நிறுவ வேண்டும். (கார் டிரைவர் அல்ல, சாஃப்ட்வேர் டிரைவர்!)

3. புட்டியில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த காம் எண்ணையும் வேகமாக 38400 என்பதையும் கொடுத்துத் திறங்கள். அடாப்டரோடு வந்த தாளில் வேறு வேகம் இருந்தால் அதைக் கொடுங்கள்.

4. ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் தட்டுங்கள். அடாப்டர் தன் பெயரைச் சொல்லும்.

5. இப்போது 0105 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். என்ஜின் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்கிறோம். முதல் முறை பதில் வரச் சில நொடிகள் ஆகலாம்.

பதிலைப் படிப்பது எப்படி?

மார்கழிக் காலையில் பாளையங்கோட்டையில் எனக்குக் கிடைத்த பதில்: 41 05 40. முதல் இரண்டும் "நீ கேட்ட 0105க்குப் பதில்" என்பதற்கு அடையாளம். கடைசி எண்தான் விடை. ஆனால் அது நாம் எண்ணும் 40 அல்ல. 16ஐ அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ் முறை எண். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி, ஹெக்ஸ் வரியில் 40 என்று அடித்தால் டெசிமல் வரியில் 64 என்று காட்டும். (4 பெருக்கல் 16.) அதிலிருந்து 40ஐக் கழித்தால் 24 டிகிரி.

ஏன் கழிக்க வேண்டும்? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். மைனஸ் எண்ணுக்கு இடமில்லை. எனவே 0 என்பதை மைனஸ் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டார்கள். அம்பாசமுத்திரம் வரை ஓட்டிவிட்டு மறுபடி கேட்டேன். 41 05 78 என்றது. இது எத்தனை டிகிரி? நீங்களே போட்டுப் பாருங்கள். 80 வந்தால் பாடம் புரிந்துவிட்டது.

24 டிகிரி என்பதைக் கவனியுங்கள். பாபநாசம் படித்துறையில் மார்கழி மாதம் முங்கினால் நமக்குத்தான் பல் கிட்டும். நம் கார் என்ஜினுக்கு அது குளிரே அல்ல. அதனால்தான் பிளக் பழுதானாலும் இங்கே தெரிவதில்லை.

பழுதைக் கேட்போம்

அடுத்து 03 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எனக்கு வந்த பதில்: 43 02 06 71 06 73. அதாவது 2 பழுதுகள். 0671, 0673 ஆகிய எண்களுக்கு முன் ஆங்கில எழுத்து பி சேர்த்துப் படிக்க வேண்டும். பி0671 முதல் பி0674 வரை முறையே 1 முதல் 4 வரையுள்ள சிலிண்டர்களின் ஹீட்டர் பிளக் பழுதைக் குறிக்கும். என் காரில் 1ஆவதும் 3ஆவதும் போயிருந்தன. சில கார்கள் இப்படிப் பிரித்துச் சொல்லாமல் பொதுவாக பி0380 என்று மட்டும் சொல்லும். சில மாடல்களில் எண்ணிக்கை இல்லாமல் பழுது எண் நேரடியாக வரும்.

கவனிக்க வேண்டியவை

* 04 என்று அடித்தால் பழுதுக் குறிப்புகள் அழிந்துவிடும். மெக்கானிக் பார்க்கும் முன் அழிக்காதீர்கள்.
* என்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருந்தால் பேட்டரி இறங்கும். ஐந்து நிமிடத்தில் வேலையை முடியுங்கள்.
* ஹீட்டர் பிளக்கை நீங்களே கழற்றாதீர்கள். உள்ளேயே முறிந்துவிட்டால் செலவு பல மடங்கு. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தும் பார்க்காதீர்கள். குறைந்த வோல்ட்டில் இயங்கும் புதிய வகை பிளக் எரிந்துவிடும்.
* ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்வது ஆபத்து. உள்ளே வெடிக்கலாம்.

என்ஜின் ஹீட்டர் வாங்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கரண்டில் செருகும் என்ஜின் ஹீட்டர் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்ஜினைச் சுற்றியுள்ள தண்ணீரை வெந்நீர் போடுவதுபோல் சூடாக்கும் கருவி அது. கனடாவில் வின்னிபெக் போன்ற ஊர்களில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே வண்டி நிறுத்தும் இடத்திலேயே அதற்கு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் லடாக்கில் டீசலே உறையும். அதற்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலைக் கொண்டுவந்தது. திருநெல்வேலிக்கு என்ஜின் ஹீட்டர் வீண் செலவு. ஊட்டிக்கே தேவையில்லை. நல்ல ஹீட்டர் பிளக்கும் நல்ல பேட்டரியும் போதும். 0 டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மலைக்குப் போகும் முன் அதையும் சோதித்துவிடுங்கள்.

இரண்டு பிளக்குகளையும் மாற்றினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி ஊட்டி, மறுபடி தங்கை வீடு. இரவே லேப்டாப்பை எடுத்து 03 கொடுத்தேன். 43 00 என்று வந்தது. பழுது ஏதும் இல்லை என்று பொருள். காலை 5 மணிக்குச் சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. ஒன்பது மணிக்கு முன்பே அப்பாவும் நானும் டாக்டர் அறை வாசலில் இருந்தோம்.

உங்கள் காரிலும் மஞ்சள் விளக்கு மினுக்கினால் "ஓடுகிறதே" என்று விடாதீர்கள். இந்த வாரமே 03 கொடுத்துப் பாருங்கள்.