பிரெய்ரி புற்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் இல்லினாய், அயோவா மாநிலங்களில் ஆளை மறைக்கும் புல் நின்ற நிலமெல்லாம் உழப்பட்டுச் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களாகிவிட்டன. உயர்புல் பிரெய்ரி எனப்படும் அந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் புற்களை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது அழகுக்கும் மண்ணுக்கும் நல்லது. ஆனால் தவறான சில நம்பிக்கைகளால், நட்டவர்களே அவற்றைக் கெடுத்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: நாட்டுப் புல்லை நட்டால் தோட்டம் காடாகிவிடும்.

உண்மை: எந்தப் புல் என்பதைப் பொறுத்தது. லிட்டில் புளூஸ்டெமும் பிரெய்ரி டிராப்சீடும் தூர் கட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று அடி உயரத்தோடு நின்றுவிடும். டிராப்சீட் பூக்கும்போது பக்கத்தில் போய் நின்றால் கொத்தமல்லி விதையின் வாசம் வரும். 2004இல் திறக்கப்பட்ட சிகாகோவின் லூரி தோட்டத்தில், நகரின் நட்ட நடுவே இந்தப் புல் ஒழுங்காக நிற்கிறது. ஆறேழு அடி வளரும் பிக் புளூஸ்டெம், நிலத்தடித் தண்டாலும் விதையாலும் பரவும் சுவிட்ச்கிராஸ் ஆகியவற்றுக்குத்தான் இடம் தாராளமாக வேண்டும்.

நம்பிக்கை: உரமும் தண்ணீரும் கூடினால் செழிக்கும்.

உண்மை: சாய்ந்துவிடும். சத்து மிகுந்த மண்ணில் லிட்டில் புளூஸ்டெம் நெட்டையாக வளர்ந்து, ஒரு மழைக்கே நடுவில் பிளந்து படுத்துவிடும். முழு வெயிலும் நீர் வடியும் மெலிந்த மண்ணும் போதும். வேர் பிடிக்கும் வரை, அதாவது முதல் கோடைக்கு மட்டும், தண்ணீர் ஊற்றுங்கள். உரம் வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை: முதல் ஆண்டு வளரவில்லையென்றால் பட்டுப்போய்விட்டது.

உண்மை: அப்போது வளர்ச்சியெல்லாம் மண்ணுக்குள் நடக்கிறது. பிக் புளூஸ்டெமின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. முதலாண்டு உறங்கும், அடுத்த ஆண்டு ஊரும், மூன்றாம் ஆண்டு தாவும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் அனுபவ மொழி. தவிர, இவை வெப்பகாலப் புற்கள். ஏப்ரலில் அக்கம்பக்கத்துப் புல்தரை பச்சையாகியிருக்கும்போதும் இவை காய்ந்தே கிடக்கும்; மண் சூடேறிய பிறகே துளிர்விடும். அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

நம்பிக்கை: இலையுதிர்காலத்தில் காய்ந்ததும் அறுத்துவிட வேண்டும்.

உண்மை: லிட்டில் புளூஸ்டெம் செம்பு நிறமாக மாறி, அதன் வெண்பஞ்சு விதைகள் வெயிலில் மின்னுவது அப்போதுதான். குருவிகளுக்கு விதை, பூச்சிகளுக்குக் குளிர்கால ஒதுங்கிடம் எல்லாம் அந்தக் காய்ந்த தூரில் இருக்கின்றன. குளிர்கால முடிவில், புதுத் துளிர் வருமுன், தரையிலிருந்து அரையடி விட்டு வெட்டுங்கள். காய்ந்த புல்லை எரித்து நீக்கும் நெருப்பு பிரெய்ரிக்குப் பழகியதுதான்; ஆனால் வீட்டுத் தோட்டத்துக்குக் கத்தரியே போதும்.

நம்பிக்கை: நாற்றங்காலில் விற்கும் அலங்காரப் புல் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: அதிகம் விற்கும் மிஸ்காந்தஸ் கிழக்காசியாவைச் சேர்ந்தது, பல மாநிலங்களில் வேலி தாண்டிச் சாலையோரம் வரை பரவியிருக்கிறது. லிட்டில் புளூஸ்டெமின் இலையையோ, ஸ்கிப்பர் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் தின்று வளர்கின்றன. அதனால் அட்டையில் ஸ்கிசாகிரியம் ஸ்கோபேரியம் என்ற அதன் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சரியான புல்லைச் சரியான வெயிலில் நட்டு மூன்று ஆண்டு பொறுத்திருந்தால், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவதைத் தவிர பெரிதாக வேலை இராது.