மீட்டர் பச்சையில இருக்கு, பிறகு ஏன் ஃபில்டரை மாத்தணும்?



இந்த வார எபிசோடில் உணவுத் தொழிற்சாலைகளில் இருக்கிற சென்சார்கள் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறோம்: கம்ப்ரெஸ்ட் ஏர் ஃபில்டர். கேட்க போரிங்காத்தான் இருக்கும். ஆனா சில பேக்கிங் மெஷின்களில் உணவுப் பையை ஊதித் திறக்கிறது காற்று. பால்மாவைக் குழாய் வழியா தள்ளுறதும் பல இடங்களில் காற்றுதான். தண்ணி போத்தல் உருவாகிறதே சூடாக்கின பிளாஸ்டிக்குக்குள்ள 25 முதல் 40 பார் வரை அழுத்தத்தில் காற்றை ஊதித்தான். உணவைத் தொடுகிற பொருள் இது, ஆனா எந்த லேபிளிலும் இதன் பெயர் வராது.

அந்தக் காற்றுக்குள்ள என்ன இருக்கு?

கம்ப்ரெசர் இழுக்கிறது நாம சுவாசிக்கிற அதே காற்றை. கேஜில் 7 பார் காட்டினால், எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள்ள அடங்கியிருக்கு என்று அர்த்தம். அதில இருந்த தூசி, கிருமி, வாகனப் புகை எல்லாம் எட்டு மடங்கு நெருக்கமாகிடும். ஈரம் குளிர்ந்து தண்ணியா மாறும். கம்ப்ரெசருக்குப் போடுற எண்ணெயும் கொஞ்சம் கூட வரும். "எங்க கம்ப்ரெசர் ஆயில்-ஃப்ரீ" என்று சொன்னாலும் வெளிக்காற்றில் இருக்கிற எண்ணெய் ஆவியும் ஈரமும் கிருமியும் உள்ளே வரத்தான் செய்யும்.

அதனால காற்று ஒரு வரிசையா சுத்தமாகுது. முதலில் 1 மைக்ரான் அளவிலான ஃபில்டர். அடுத்து ஈரத்தை எடுக்கும் டிரையர். பிறகு 0.01 மைக்ரான் ஃபில்டர். இதன் இழைகளில் எண்ணெய்ப் பனி ஒட்டி, துளியாகச் சேர்ந்து, கீழே வடியும். அடுத்தது கார்பன் ஃபில்டர், எண்ணெய் ஆவியை உறிஞ்ச. கடைசியா, காற்று உணவைத் தொடுற இடத்துக்குப் பக்கத்தில ஸ்டெரைல் ஃபில்டர். இந்த வரிசை மாறக்கூடாது. கார்பன் ஆவியைப் பிடிக்கும், ஆனா எண்ணெய்த் துளி பட்டால் சீக்கிரமே பாழாகிடும்.

எவ்வளவு சுத்தம் என்பதை ஐஎஸ்ஓ 8573-1 மூன்று எண்களால் சொல்லுது: துகள், தண்ணி, எண்ணெய். உணவை நேரடியாகத் தொடும் காற்றுக்கு பிரிட்டனின் கம்ப்ரெஸ்ட் ஏர் சங்கம் சொல்வது 2.2.1. இதில் நடுவில் இருக்கிற 2 என்றால், அழுத்தத்தில் இருக்கும்போதே மைனஸ் 40 டிகிரி வரை குளிர்ந்தாலும் தண்ணி உருவாகக்கூடாது. கடைசி 1 என்றால், ஒரு கன மீட்டரில் எண்ணெய் 0.01 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கிருமிக்குத் தனியா ஐஎஸ்ஓ 8573-7 டெஸ்ட் இருக்கு. அமெரிக்காவில் 21 சிஎஃப்ஆர் 117.40 விதியும், உணவில் செலுத்துற காற்று உணவைக் கெடுக்காதபடி சுத்திகரிக்கப்படணும் என்று சொல்லுது.

ஃபில்டர் கெட்டுப்போற மூன்று வழிகள்

தலைப்புக் கேள்விக்கு வருவோம். ஃபில்டர் மேல இருக்கிற மீட்டர், உள்ளே போற காற்றுக்கும் வெளியே வர்ற காற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும்.

1. அடைபட்டால்: வித்தியாசம் கூடும், முள் சிவப்புக்குப் போகும். மீட்டர் சரியாகப் பிடிக்கிறது இதை மட்டும்தான். இதில் பணமும் போகுது: 7 பார் அளவில ஓடுற கம்ப்ரெசருக்கு, கூடுதலா தேவைப்படும் ஒவ்வொரு பாருக்கும் சுமார் 7% மின்சாரம் அதிகம்.

2. கிழிந்தால்: காற்று ஓட்டை வழியா சுலபமா போகும், வித்தியாசம் குறையும். முள் பச்சையில நிக்கும், புது ஃபில்டரை விட நல்லாவே காட்டும். நேற்று வரை மெல்ல ஏறிக்கொண்டிருந்த முள் இன்றைக்குத் திடீரென்று இறங்கியிருந்தால், நிறுத்தித் திறந்து பாருங்க.

3. நிறைந்தால்: கார்பன் இனி உறிஞ்ச முடியாத நிலைக்கு வந்தாலும் காற்று வழக்கம் போலப் போகும். முள் அசையாது. எண்ணெய் ஆவி மட்டும் நேரா உணவுக்குப் போகும்.

அதனாலதான் பச்சையில இருந்தாலும் மாத்தச் சொல்றாங்க. எண்ணெய்ப் பனி ஃபில்டருக்குப் பொதுவா வருடத்துக்கு ஒரு தடவை. கார்பனுக்கு ஓடின மணி நேரக் கணக்கு. சின்ன கார்ட்ரிட்ஜ் என்றால் 1,000 மணி நேரம் அளவில முடிஞ்சிடும், அறை சூடா இருந்தால் இன்னும் சீக்கிரம். சரியான எண் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதல்ல வால்வை மூடி, அழுத்தம் முழுக்க வெளியேறி பூஜ்யம் ஆச்சா என்று பாருங்க. இது உங்க கையும் கண்ணும் சம்பந்தப்பட்டது. புது எலிமென்டை சுத்தமான கையுறையோட எடுங்க. ஓ-ரிங்கையும் மாத்துங்க, அதுக்குப் பூசுற கிரீஸ் உணவுத் தரத்தில் இருக்கணும். அம்புக்குறி காற்று போற திசையில் இருக்கா? மேலேயே தேதியை எழுதிவிடுங்க.

ஆட்டோ டிரெயினை மறக்காதீங்க. அது அடைபட்டால் கிண்ணத்தில் எண்ணெயும் தண்ணியும் நிறைந்து, நல்ல ஃபில்டரையும் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போயிடும். டெஸ்ட் பட்டனை அழுத்தி, வடியுதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும்.

தள்ளிப்போட்டால் என்ன?

லைனை நிறுத்தினால் உற்பத்தி போகும், அதனால "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பது எல்லா இடத்திலும் கேட்கிற வார்த்தை. ஆனா எண்ணெய் ஒரு தடவை ஃபில்டரைத் தாண்டிவிட்டால் பிறகு வர்ற குழாய் முழுக்க ஒட்டிவிடும். புது ஃபில்டர் போட்டாலும் குழாய் சுத்தமாகாது. அதைவிடப் பெரிய சிக்கல், எந்த நாளிலிருந்து கெட்டது என்று யாருக்கும் தெரியாது. கடைசியா சரி வந்த டெஸ்டுக்குப் பிறகு பேக் ஆன எல்லாமே சந்தேகத்துக்குள்ள வந்திடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் என்றால், ஆறு மாச சரக்கு. அதில பாதி ஏற்கெனவே யாரோ ஒரு பிள்ளையின் லஞ்ச் பாக்ஸுக்குப் போயிருக்கும்.

உங்களில் சிலர் இந்த சம்மரில் ஃபாக்டரியில் கோ-ஆப் வேலைக்குப் போறீங்க. இன்னும் சிலரின் வீட்டில அம்மாவோ மாமாவோ இப்பவும் நைட் ஷிஃப்ட் போறாங்க. அங்கே கேட்க மூன்று கேள்விகள்: கார்பன் ஃபில்டரைக் கடைசியா எப்ப மாத்தினது? டிரெயின் வேலை செய்யுதா? காற்றை டெஸ்ட் பண்ணுறது கம்ப்ரெசர் அறையிலா, உணவைத் தொடுற இடத்திலா? மூன்றாவதுக்கு "கம்ப்ரெசர் அறையில" என்று பதில் வந்தால், நடுவில் இருக்கிற குழாயை யாரும் பார்க்கலை என்று அர்த்தம். அதை சூப்பர்வைசரிடம் எழுத்தில் சொல்லுங்க, ஒரு காப்பி உங்களிடமும் இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுவோம்.