வலைப்போரும் மாணாக்கரும்

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? அணிவகுத்து நிற்கும் சேனை, அதனை நடத்தும் தலைவன், இருதிறத்தாரும் எதிர்ப்படும் களம் ஆகிய மூன்றுமேயாம். இம்மூன்றையும் சுட்டிக் காட்டக்கூடுமாயின், வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார், பழிக்குரியவர் இன்னார் என்று சரித்திரக்காரர் எழுதி முடிப்பர். இக்காலத்திலோ, சேனையும் தலைவனும் இன்னாரென்று தெரியாமலும், களம் ஓரிடத்தும் நில்லாமலும், ஒரு தேசத்தின் அன்றாட வாழ்க்கையை நிலைகுலையச் செய்தல் இயல்வதாயிற்று. இதனை வலைப்போர் என்கின்றனர் அறிஞர். இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், ஹேக்கர் எனப்படுவோர்க்கும் இதற்கும் உள்ள தொடர்பையும், கல்வி பயில்வோர் இதனால் அறிய வேண்டுவதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

ஹேக்கர் என்னும் சொல் இப்பொழுது பெரும்பாலும் கணினிக் கள்வன் என்ற பொருளிலேயே வழங்குகின்றது. அதன் பிறப்போ அத்தகையதன்று. அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1946-ஆம் ஆண்டில் தோன்றிய மாதிரி ரயில் மன்றத்து மாணாக்கரிடையே அது வளர்ந்தது. அவருள் ஒரு சாரார் சிறு ரயில் வண்டிகளுக்கு வர்ணம் தீட்டி மகிழ்ந்தனர். மற்றொரு சாரார் மேசையின் கீழ்ப் புகுந்து, தொலைபேசிக் கருவிகளின் உறுப்புக்களைக் கொண்டு, அவ்வண்டிகளை ஓட்டும் மின்கம்பிப் பின்னலை அமைத்தனர். பிறர் நினையாத வழியில் சாதுரியமாகச் செய்த அமைப்பை அவர்கள் ஹேக் என்றனர். செய்தவன் ஹேக்கர் ஆயினான். பின்னர் அக்கழகத்துக்குக் கணினிகள் வந்தபொழுது, இவர்களே இரவெல்லாம் கண்விழித்து அவற்றை ஆராய்ந்தனர்.

இக்கூட்டத்தாரின் கொள்கைகளை ஸ்டீவன் லெவி என்பார் 1984-இல் வெளியிட்ட நூலொன்றில் தொகுத்துரைத்துள்ளார். அறிவு எவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும்; அதிகாரம் ஓரிடத்திற் குவிதல் தகாது; ஒருவனை அவன் பட்டத்தாலும் வயதாலும் இனத்தாலும் பதவியாலும் மதியாது, அவன் செய்யும் வேலையால் மதித்தல் வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. இக்கொள்கையின் நற்பயனுக்கு ஓர் உதாரணம் கூறுவாம். 1991-இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், கணினியை இயக்குதற்கான மூலநிரலொன்றைத் தாமே எழுதி, எவரும் எடுத்துத் திருத்திக் கொள்ளுமாறு இணையத்தில் வெளியிட்டார். ஒருவரையொருவர் நேரிற் காணாத பலர் தத்தமக்கு இயன்ற சிறுபகுதியைச் சேர்த்தனர். லினக்ஸ் என்னும் அது இன்று உலகத்தின் இணையச் சேவைகளிற் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கின்றது. ஆணையிடுவாரின்றிப் பலர் சிறிது சிறிதாகச் செய்வது எத்துணைப் பெரிதாகும் என்பதற்கு இது சான்றாம்.

ஆயினும் அதே வலை தீங்கையும் அவ்வாறே பெருக்கவல்லது. இதற்கு மூன்றாண்டுகள் முன்னரே ஓர் அடையாளம் தோன்றியிருந்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் தேதி, கார்னெல் சர்வகலாசாலையில் மேற்படிப்பு மாணாக்கராயிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர், கணினிக்குக் கணினி தானே படியெடுத்துச் செல்லும் ஒரு நிரலை வலையில் விடுத்தார். அது கோப்புக்களை அழிக்கவில்லை, பொருளைக் கவரவுமில்லை. ஆனால், தன் படியொன்று முன்னரே குடிபுகுந்த கணினியிலும், ஏழில் ஒரு முறை மீண்டும் தங்கிவிடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. ஆதலின் ஒரே கணினியிற் பல படிகள் குவிந்து, பாரந்தாங்காமல் அக்கணினிகள் ஓய்ந்தன. அக்காலத்து இணையத்திலிருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளில் 6,000 கணினிகள் இவ்வாறு பற்றப்பட்டன என்பது அந்நாளைய உத்தேச மதிப்பு. 1990-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத்தொண்டும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் மேற்கூறிய மாசசூசெட்ஸ் கழகத்திலேயே பேராசிரியராக விளங்கினார் என்பதும் அறியத்தக்கது.

ஒருவர் செய்கை இத்துணை பரவுமாயின், பலர் கூடிப் பகைமை கொண்டு செய்தால் என்னாகும்? இவ்வினாவை ஜான் ஆர்க்கில்லா, டேவிட் ரான்பெல்ட் என்னும் இருவர் 1993-இல் எழுதிய கட்டுரையில் ஆராயத் தொடங்கினர். மக்கட்கூட்டம் வலையாகப் பிணைவது மூவகைப்படும் என்பது அவர்தம் கருத்து. ஒன்று, செய்தி ஒருவர் கையினின்று அடுத்தவர் கைக்குச் செல்லும் சங்கிலி. மற்றொன்று, ஆரக்கால்கள் குடத்திற் கூடுவதுபோல எல்லாரும் ஒரு நடுவரைச் சார்ந்து நிற்கும் சக்கரம். மூன்றாவது, ஒவ்வொருவரும் ஏனைய எல்லாரோடும் நேரே தொடர்புகொள்ளும் முழுவலை. சங்கிலியை ஒரு கண்ணியில் அறுக்கலாம். சக்கரத்தைக் குடத்தில் உடைக்கலாம். முழுவலைக்கோ அறுக்கத்தக்க ஓரிடமில்லை. செய்தித்தொடர்பு எளிதாகுந்தோறும் இம்மூன்றாம் வகையே வலிமை பெறும் என்றும், அதனை எதிர்ப்பதற்கும் வலையே வேண்டும் என்றும் அவர்கள் துணிந்தனர்.

இத்துணிபுக்கு இலக்கியமாக வாய்த்தது எஸ்தோனியா தேசத்தில் 2007-இல் நிகழ்ந்ததாம். ஹெல்சிங்கி நகரத்துக்குத் தெற்கே கடலுக்கு அக்கரையிலுள்ள சிறு நாடு அது. ஏறக்குறைய 13 இலட்சம் மக்களை உடையது. வங்கிக் காரியங்களிற் பெரும்பாலானவற்றை மக்கள் இணையத்திலேயே நடத்தி வந்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தேசியப் பாராளுமன்றத் தேர்தலுக்கே இணையத்தின் வாயிலாக வாக்களிக்கச் செய்து, உலகிற்கு முன்மாதிரியாயிற்று. இந்நிலையில், தலைநகராகிய தாலினின் நடுவே 1947 முதல் நின்ற சோவியத்து வெண்கல வீரன் சிலையை, அவ்வரசாங்கம் ஏப்ரல் மாத இறுதியில் இராணுவ மயானத்துக்கு மாற்றியது. நாட்டிலுள்ள ருஷ்ய மக்களிற் பலர்க்கு அச்சிலை நாஜிகளை வென்ற நினைவு. எஸ்தோனியர் பலர்க்கோ அஃது அடிமைப்பட்ட நினைவு. தெருவில் இரண்டு இரவுகள் கலகம் மூண்டது. ஓர் உயிரும் மாய்ந்தது.

தெருக் கலகம் ஓய்ந்தும் வலைக் கலகம் ஓயவில்லை. அது சற்றேறக்குறைய மூன்று வாரம் நீடித்தது. அரசாங்க அலுவலகங்கள், பாராளுமன்றம், செய்தித்தாள்கள், வங்கிகள் ஆகியவற்றின் கணினிகளை நோக்கி அளவிறந்த வினாச்செய்திகள் ஒரே காலத்திற் பாய்ந்தன. ஒரு கடையின் வாயிலில் ஒன்றும் வாங்க எண்ணாத பதினாயிரம் பேர் நெருக்கி நின்றால், மெய்யாகவே வாங்க வந்தவன் உள்ளே புக மாட்டாமை போன்றது இது. அச்செய்திகளிற் பல, உரியவர் அறியாமலே பிறர் வசப்படுத்தி வைத்திருந்த கணினிகளினின்று புறப்பட்டன. வேறு பல, சாதாரண மக்கள் தாமே விரும்பி அனுப்பியவை. எந்தக் கட்டளையை எப்பொழுது தட்டச்சுச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு ருஷ்ய மொழியில் இணையத்தில் உலவியது. மே மாதம் 10-ஆம் தேதி நாட்டின் பெரிய வங்கியாகிய ஹான்சாபாங்கின் இணையச் சேவை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. எஸ்தோனிய அமைச்சர் ருஷ்ய அரசாங்கத்தின்மேற் குற்றஞ்சாட்டினர், அவ்வரசாங்கம் மறுத்தது.

இதனை எதிர்த்து நின்றதும் ஒரு வலையே. எஸ்தோனியாவின் கணினிக் காவற்குழுவினர் வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிலையங்களிலும் இருந்த பொறியாளருடன் இரவு பகலாகக் கலந்து வேலை செய்தனர். அம்மே மாதத்திலே தாலினிற் கூடிய இணையப் பொறியாளர் மகாநாட்டுக்கு வந்திருந்த அயல்நாட்டு நிபுணர் சிலரும், தம் நண்பர்களின் துணைகொண்டு, தீய செய்திகளை அவை புறப்படும் இடத்துக்கு அருகிலேயே தடுக்க உதவினர். ஒருவரையொருவர் நம்பிய சிலருடைய நட்பே அந்நாட்டுக்கு அரணாயிற்று. அடுத்த ஆண்டிலே நேட்டோ நாடுகள் சில சேர்ந்து, கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையமொன்றைத் தாலினிலேயே நிறுவின.

இனி, நம் சிந்தைக்குரிய செய்தியொன்று உண்டு. இத்துணைப் பெருங்கலகத்துக்காக எஸ்தோனிய நீதிமன்றத்தில் 2008 சனவரியில் தண்டனை பெற்றவர் 20 வயது நிரம்பிய ஒரு மாணாக்கரே. ஆளுங் கட்சியொன்றின் இணையத்தளத்தைத் தாக்கியதற்காக, அவருக்கு அந்நாட்டு நாணயத்தில் 17,500 குரோன் அபராதம் விதிக்கப்பட்டது. உலகமெங்குமிருந்து அக்கலகத்திற் கலந்துகொண்ட மற்றையோர் தத்தம் வீட்டிலே பேசாதிருந்தனர். அவருள் ஒவ்வொருவனும், ‘நான் அனுப்பியது ஒரு சிறு செய்தியே, என் ஒருவனால் எந்த வங்கியும் நிற்கவில்லை’ என்று சொல்லிக் கொண்டிருத்தல் கூடும். கணக்களவில் அது மெய்யே. ஒரு துளியால் வெள்ளம் வருவதில்லை. ஆயினும் துளிகளன்றி வெள்ளத்துக்கு வேறு பொருளும் இல்லையே!

வலைப்போரின் கொடுமை இவ்விடத்தேதான் இருக்கின்றது என யாம் கருதுகின்றோம். பழைய சேனையிலே படைவீரன், ‘தலைவன் ஏவினான்’ என்று ஒதுங்கலாம். தலைவனும் தன் ஆணைக்குத் தான் விடை சொல்ல வேண்டியவனாவான். தலைவனில்லாத வலையிலோ ஏவினவன் இல்லை. ஆதலின், விடை சொல்ல ஒருவனும் இல்லை என்று எல்லாரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. ஆணையிடுவார் இல்லாத இடத்தில் ஒவ்வொருவனும் தனக்குத் தானே ஆணையிடுபவன். ஆகவே பொறுப்புக் குறைவதில்லை, ஒவ்வொருவன்மேலும் முழுமையாகவே தங்குகின்றது. ஒருவனை அவன் பதவியால் மதியாது அவன் வேலையால் மதித்தல் வேண்டும் என்ற ஹேக்கர் கொள்கையை நாமும் போற்றுவோம். ஆனால், வேலையால் புகழ் வேண்டுவோன் அவ்வேலையின் விளைவால் வரும் பழியையும் ஏற்றல் வேண்டுமன்றோ?

மேலே கண்ட மாணாக்கர் மூவரும் கல்வியில் ஏறக்குறைய நம்மவர் நிலையினரே. அவர் கையிலிருந்த கருவியும் இன்று நம் கையிலுள்ளதே. ஒருவர் தம் பங்கை உலகத்துக்கு ஈந்தார். ஒருவர் விளைவை ஆராயாது விடுத்தார். ஒருவர் கூட்டத்தின் சினத்தைத் தம் சினமாகக் கொண்டார். எவரோ எழுதியனுப்பிய கட்டளையை நம் விரல் தட்டுமுன், ‘இதனை என் பெயரிட்டு, பகலில், பலர் காணச் செய்வேனா?’ என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக் கொள்ளுதல் நலம். கற்றதன் பயன் அவ்வொரு கணத் தாமதத்திலேயே விளங்கும்.