பட்டியலில் இல்லாத இடம்

நுழையும் முன்

பயணம் செல்வதற்குப் பணமும் பயணச்சீட்டும் மட்டும் போதுமா? உடன் வருவோரின் கால்வலியும் பசியும் ஆசையும் கணக்கில் சேர வேண்டாமா? ஜாம்ஷெட்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் கொல்கத்தாப் பயணத்தைத் திட்டமிட்ட கதையைப் படித்து அறிவோம்.

பாடம்

தை மாதத்தில் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள்கள் விடுமுறை தொடர்ந்து வந்தது. யாழினியின் தந்தை எஃகு ஆலையில் பணிபுரிபவர். அவருக்கும் அந்நாள்களில் ஓய்வு கிடைத்தது. "கொல்கத்தாவுக்குப் போவோம். தொடர்வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான்" என்றார். யாழினியும் தம்பி மாறனும் துள்ளிக் குதித்தனர்.

அன்றிரவே தந்தை ஒரு தாளில் பட்டியல் எழுதினார். விக்டோரியா நினைவு மண்டபம், இந்திய அருங்காட்சியகம், அறிவியல் நகரம், உயிரியல் பூங்கா, தட்சிணேசுவரம், பேலூர் மடம், பேராலமரம் நிற்கும் தாவரவியல் பூங்கா எனப் பதினான்கு இடங்கள் அதில் இருந்தன.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி பட்டியலைக் கேட்டுச் சிரித்தார். "இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இத்தனை இடத்துக்கு நான் எங்கே வருவேன்? நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

"மூன்று நாள்தானே! பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம்" என்றார் தந்தை. தாய் ஒன்றும் சொல்லாமல் ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் ஆச்சி ஊர் திரும்ப இருந்தார்.

மறுநாள் மாலை, ஆச்சியின் பெட்டியில் கண்ணாடிக் கூட்டைத் தேடிய யாழினி, நீல நிற உள்நாட்டுக் கடிதங்கள் அடங்கிய கட்டு ஒன்றைக் கண்டாள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அனுப்புநர் முகவரி தமிழில் இருந்தது. ராஷ்பிகாரி அவென்யூ, கல்கத்தா – 700029.

"ஆச்சி, இவை யார் எழுதிய கடிதங்கள்?"

"உன் தாத்தா எழுதியவை. கல்யாணமான புதிதில் ஆறு ஆண்டுகள் அங்கே ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். லேக் மார்க்கெட் பக்கம் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருந்தார்கள். தினமும் டிராமில் வேலைக்குப் போவார். நான் உன் அப்பாவை வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டேன்."

"நீங்கள் அங்கே போனதே இல்லையா?"

"அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று எழுதுவார். பிறகு வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். அதோடு போயிற்று" என்று கூறிய ஆச்சி, கடிதங்களை மீண்டும் கட்டி வைத்தார்.

அன்றிரவு யாழினி தந்தையின் பட்டியலைக் கையில் எடுத்தாள். பதினான்கு இடங்களில் லேக் மார்க்கெட் இல்லை. அவள் கொல்கத்தா வரைபடத்தை விரித்து ஒவ்வோர் இடத்தையும் குறித்தாள். தட்சிணேசுவரம் வடக்கில் இருந்தது. அறிவியல் நகரம் கிழக்கில் இருந்தது. தாவரவியல் பூங்கா ஆற்றுக்கு அப்பால் மேற்கில் இருந்தது. திங்கட்கிழமைக்கென எழுதியிருந்த அருங்காட்சியகத்திற்கும் விக்டோரியா மண்டபத்திற்கும் அன்றுதான் வார விடுமுறை!

"அப்பா, இந்தத் திட்டப்படி போனால் இடங்களைவிடச் சாலைகளைத்தான் மிகுதியாகப் பார்ப்போம். திங்களன்று பூட்டிய கதவையும் பார்ப்போம்" என்றாள். தந்தை முதலில் முகம் சுளித்தார். வரைபடத்தை உற்று நோக்கியபின் புன்னகைத்தார். "சரி, நீயே ஒரு திட்டம் எழுது" என்றார்.

யாழினி முதலில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஓர் ஆசையைக் கேட்டாள். ஹௌராப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றார் தந்தை. பழைய புத்தகக் கடைகள் நிறைந்த கல்லூரிச் சாலைக்குச் செல்ல வேண்டும் என்றார் தாய். மாறன் ரசகுல்லா என்றான். ஆச்சி, "எனக்கு என்ன ஆசை?" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் பெயருக்கு நேராக யாழினி தானே 'லேக் மார்க்கெட்' என்று எழுதினாள். அதைக் கண்ட தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர் தொலைபேசியை எடுத்து, ஐந்து பேருக்குப் பயணச்சீட்டு முன்பதிவு செய்தார்.

திட்டம் எளிதாக அமைந்தது. மகாத்மா காந்தி சாலை, எஸ்பிளனேடு, ரவீந்திர சதன், காளிகாட் ஆகிய நான்கும் ஒரே மெட்ரோ தடத்தில் உள்ள நிலையங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ தொடர்வண்டி 1984ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது இத்தடத்தில்தான். எஸ்பிளனேடு அருகே தங்கினால் எல்லா இடங்களும் அண்மையில் இருக்கும். காலையில் ஓரிடம், நண்பகலில் ஓய்வு, மாலையில் ஓரிடம் என்று யாழினி வகுத்தாள். கல்லூரிச் சாலைக் கடைகள் பல ஞாயிறன்று மூடப்படும் என்பதால், அதனைச் சனிக்கிழமைக்கு வைத்தாள்.

சனிக்கிழமை ஹௌரா நிலையத்தில் இறங்கியதும், சாலை நெரிசலில் சிக்காமல் ஐவரும் படகில் ஏறி ஹூக்ளி ஆற்றைக் கடந்தனர். தலைக்குமேல் வானளாவ நின்றது ஹௌராப் பாலம். "1943இல் திறக்கப்பட்ட பாலம் இது. திருகாணிகள் இன்றி அறையாணிகளால் இணைத்த பாலம். இதன் எஃகில் பெரும்பகுதி நம் ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்தது" என்று தந்தை பெருமிதத்துடன் கூறினார்.

மாலையில் கல்லூரிச் சாலையில் தாய் மூன்று நூல்கள் வாங்கினார். புகழ்பெற்ற காபி இல்லம் மாடியில் இருந்தது. படியேற வேண்டாம் என்று ஆச்சியும் தாயும் கீழே ஒரு கடையில் அமர்ந்து, மண் குவளையில் தேநீர் அருந்தினர். மற்றவர்கள் மேலே சென்று வந்தனர். யாருக்கும் குறையில்லை.

ஞாயிறு காலை, 1921இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெண்பளிங்கு பனிமூட்டத்தில் மங்கலாய்த் தெரிந்தது. தோட்டத்து இருக்கையில் அமர்ந்து ஆச்சி வெயில் காய்ந்தார். வெளியே விற்ற புச்காவை மாறன் ஆறு தின்றான். உருளைக்கிழங்கு மசியலும் புளிநீரும் நிறைந்த அந்தச் சிறு பூரியை, 'நம் ஊர்ப் பானிபூரியின் அண்ணன்' என்றான். நண்பகல் உணவாக லூச்சியும் கடலைப்பருப்புக் குழம்பும் உண்டனர். பின்னர் ரசகுல்லாவும், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேசும் வந்தன. ஆச்சி சிறிது கிள்ளி வாயிலிட்டு, "நம் கருப்பட்டிக்குத் தங்கை போல இருக்கிறதே!" என்று வியந்தார். பனையின் பதநீர் கருப்பட்டியாவதைப் போல, ஈச்ச மரத்தின் சாறு இங்கு வெல்லமாகிறது என்று தாய் விளக்கினார்.

மாலையில் காளிகாட் நிலையத்தில் இறங்கி லேக் மார்க்கெட்டை அடைந்தனர். பழைய அங்காடி இருந்த இடத்தில் பல மாடிக் கடைவளாகம் நின்றது. கடிதத்தில் இருந்த கதவெண்ணைத் தேடினர். அங்கே ஒரு புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழுந்திருந்தது. தந்தை ஏமாற்றத்துடன் ஆச்சியைப் பார்த்தார்.

ஆச்சியோ சாலையோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழையிலைக் கட்டுகளும் முருங்கைக்காயும் தேங்காயும் குவிந்திருந்தன. எங்கிருந்தோ காபிக்கொட்டை வறுக்கும் மணம் வந்தது. பூ விற்ற பெண்மணி தமிழில் விலை சொன்னார்.

"சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். நான் வருந்தக் கூடாது என்று பொய் எழுதுகிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்" என்றார் ஆச்சி. அவர் குரல் தழுதழுத்தது. "மெய்யாகவே எழுதியிருக்கிறார்."

பின்பு ஒரு பூச்சரம் வாங்கி யாழினியின் தலையில் சூட்டினார். அருகிலிருந்த சிற்றுண்டிச் சாலையில் ஐவரும் அமர்ந்தனர். நெடுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்துச் செல்ல வேண்டிய இடம் எதுவும் அன்றைய தாளில் இல்லை.

திங்கள் காலை, பாலத்தடியில் மல்லிக் படித்துறை மலர்ச் சந்தையைக் கண்டுவிட்டு ஊர் திரும்பினர். தொடர்வண்டியில் தந்தை தம் பழைய பட்டியலை எடுத்தார். பதினான்கில் ஒன்றை மட்டும் அடித்தார். பட்டியலின் அடியில், 'பதினைந்து – லேக் மார்க்கெட்' என்று எழுதி, அதையும் அடித்தார்.

சொல்லும் பொருளும்

ஆச்சி – பாட்டி (திருநெல்வேலி வழக்கு)
எஃகு – உருக்கு
அறையாணி – இரும்புத் தகடுகளை இணைக்க அடித்து இறுக்கும் ஆணி
பதநீர் – சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் இனிய பனஞ்சாறு
அங்காடி – கடைவீதி, சந்தை
படித்துறை – ஆற்றில் இறங்கப் படிகள் அமைந்த இடம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தந்தையின் திட்டத்தில் யாழினி கண்ட இரண்டு குறைகள் யாவை?
2. கல்லூரிச் சாலையை அவள் ஏன் சனிக்கிழமைக்கு வைத்தாள்?
3. ஹௌராப் பாலத்திற்கும் ஜாம்ஷெட்பூருக்கும் உள்ள தொடர்பு யாது?

ஆ. சிந்தித்து எழுதுக.
1. தாத்தா வாழ்ந்த வீடு கிடைக்காதபோதும் ஆச்சி மனநிறைவு அடைந்தது ஏன்?
2. தந்தை 'பதினைந்து' என்று எழுதியதன் பொருள் என்ன?

இ. பிரித்து எழுதுக.
பயணச்சீட்டு, பூச்சரம், வாழையிலை, வெண்பளிங்கு

ஈ. செய்து பார்க்க.
நீங்கள் வாழும் ஊருக்குத் தமிழ்நாட்டிலிருந்து உங்கள் தாத்தாவோ பாட்டியோ வருவதாகக் கொள்க. அவர்களிடம் கேட்க விரும்பும் மூன்று வினாக்களை முதலில் எழுதுக. அவற்றின் விடைகளைக் கொண்டு இரண்டு நாள்களுக்கு ஒரு பயணத் திட்டம் வகுக்க. ஒரு நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டா; ஓர் உள்ளூர் உணவு கட்டாயம் இடம்பெற வேண்டும்.